ரத்தக் கசிவுக்குப் பிறகு மூளை வீங்கும், அதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாய் கோணுகிறதா, கை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள், நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போடலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி, நூறு தடவை எழுதினாலும் தகும். ஆனால் அந்தக் கட்டுரை முழுக்க ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிற பக்கவாதத்தைப் பற்றியதுதான். குழாய் வெடித்து மூளைக்குள்ளேயே ரத்தம் கசிகிறதே, அந்த வகைக்கு ஒரு பத்தி கூட இல்லை. எண்ணிக்கையில் அடைப்பு வகைதான் அதிகம் என்றாலும், ஆசிய நாடுகளில் கசிவு வகையின் பங்கு மேலை நாடுகளை விடக் கூடுதல். வந்தவர்களில் உயிரிழப்பவர்களின் பங்கும் அந்த வகையில்தான் அதிகம்.

நான் தென் மாவட்டம் ஒன்றில், ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் எழுத வேண்டிய விஷயத்தை நான் எழுதுவதற்குக் காரணம், நைட் ட்யூட்டியில் வீட்டார் வந்து கேட்பது எங்களிடம்தான்.

கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வி. கொண்டுவந்த அன்று நோயாளி கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்திருப்பார், ஒன்றிரண்டு வார்த்தை பேசியிருப்பார், நல்ல பக்கத்துக் கையைத் தூக்கியிருப்பார். ஸ்கேன் எடுத்தாயிற்று, பி.பி. இறங்கிவிட்டது, இனிமேல் மெதுவாகத் தேறிவிடுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் போனில் சொல்லியும் முடித்திருப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மயக்கம் கூடிவிடும். அப்போது மகன் வந்து நிற்பார். "சிஸ்டர், முந்தாநாள் அப்பா என் கையைப் பிடிச்சாரு, என் பேரைச் சொன்னாரு. இப்ப எவ்வளவு கூப்பிட்டாலும் கண்ணத் திறக்க மாட்டேங்குறாரு. நீங்க என்ன ஊசி போட்டீங்க?" அந்தக் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். இப்படி ஆகக்கூடும் என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பெரும்பாலும் பல வருஷமாகக் கவனிக்காமல் விட்ட பி.பி.யால், மூளையின் ஆழத்தில் இருக்கும் மெல்லிய குழாய்கள் நைந்துபோய் ஒருநாள் வெடிக்கின்றன. வெளியே வந்த ரத்தம் ஓரிடத்தில் திரண்டு உறைகிறது. முதல் சில மணி நேரத்தில் அந்தத் திரள் இன்னும் பெரிதாகலாம், பி.பி.யை இறக்க டாக்டர்கள் அவ்வளவு அவசரப்படுவது அதனால்தான். கசிவு நின்றுவிட்டது, அப்பாடா என்று மூச்சு விடும்போது அடுத்தது ஆரம்பிக்கிறது. உறைந்த ரத்தம் சுருங்கச் சுருங்க அதிலுள்ள நீர் சுற்றியிருக்கும் மூளைத் திசுவுக்குள் இறங்குகிறது. ரத்தத்தை உறைய வைத்த அதே த்ராம்பின் என்ற பொருள் பக்கத்திலுள்ள செல்களைச் சீண்டுகிறது. மூளைக்கென்றே காவலுக்கு இருக்கும் மைக்ரோக்ளியா செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியை, அதாவது காயத்துக்கு உடம்பு காட்டும் வீக்க எதிர்வினையை, மூட்டும் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற பொருள்களை வெளியிட, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அவற்றிலிருந்து வரும் எம்.எம்.பி.-9 போன்ற நொதிகள் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அரிக்கின்றன, நீரும் புரதமும் மூளைக்குள் ஊறுகின்றன. சில நாள் கழித்துச் சிவப்பணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபினும் இரும்பும் வெளியே வரும்போது இதே அழற்சி இன்னொரு சுற்று நடக்கிறது.

கணுக்கால் சுளுக்கினால் விழுந்த நிமிஷத்தை விட மறுநாள்தானே வீக்கம் பெரிதாக இருக்கும், அதுபோலத்தான் இதுவும். ஆனால் காலில் தோல் இழுத்துக்கொடுக்கும், மண்டை ஓடு கொடுக்காது. உள்ளே இடம் இல்லாததால் வீங்குகிற பகுதி பக்கத்தில் இருப்பதையெல்லாம் நசுக்கும், அதுவும் மூளைத்தண்டை அழுத்த ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து.

முதல் இரண்டு மூன்று நாளில் இந்த வீக்கம் வேகமாகக் கூடும். அப்புறம் வேகம் குறைந்தாலும் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும். சி.டி. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் யார் கண்ணுக்கும் இது தெரியும். ரத்தத் திரள் வெள்ளையாக இருக்கும், அதைச் சுற்றிக் கருப்பாக ஒரு விளிம்பு இருக்கும். முதல் நாள் படத்தில் மெலிதாக இருந்த அந்த விளிம்பு மூன்றாம் நாள் படத்தில் அகலமாகியிருக்கும், வெள்ளைத் திட்டு அதே அளவில்தான் இருக்கும், ஆனால் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். இரண்டு ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் டாக்டர்களிடம் வீட்டார் சண்டைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. நேரம் இல்லை என்று காட்டாமல் விடும் இடத்தில்தான் பிரச்சனை வெடிக்கிறது.

இதில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. லேப் ரிப்போர்ட் நேராக வீட்டாரின் வாட்ஸ்அப்புக்கே வந்துவிடுகிறது. மொத்த வெள்ளை அணு 14,000 என்று இருக்கும், அதில் நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு 8 சதவீதம் என்று இருக்கும், பக்கத்தில் சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். நியூட்ரோஃபில் எண்ணை லிம்ஃபோசைட் எண்ணால் வகுத்தால் பத்தரை வருகிறது, நலமாக இருக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். சில லேப்களில் இந்த விகிதத்தை அவர்களே கணக்குப் போட்டு அச்சடித்தும் கொடுக்கிறார்கள். படித்த பிள்ளைகள் அதைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகம் வெளிறிப்போய் வந்து, "சிஸ்டர், இந்த நம்பர் இவ்வளவு ஏறினா பிழைக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கே" என்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். அந்த விகிதம் பொய் இல்லை. கசிவு வந்த ஆரம்ப நாள்களில் இது அதிகமாக இருந்தவர்களுக்கு வீக்கமும் அதிகமாக இருந்தது, பின்னாளில் தேறுவதும் குறைவாக இருந்தது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம், இன்டர்லூக்கின்-6 பற்றியும் இதே மாதிரி ஆய்வுகள் உண்டு. மேலே சொன்ன அழற்சியின் தடம்தானே ரத்தத்தில் தெரிகிறது, அதனால் இதில் ஆச்சரியமும் இல்லை. சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே இது கிடைத்துவிடுகிறது, தனிச் செலவு கிடையாது என்பதால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் இதில் ஆர்வம் அதிகம். ஆனால் அதெல்லாம் நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்த சராசரி. உங்கள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்த ஒரு எண்ணை வைத்து அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி எது வந்தாலும் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும். நெஞ்சில் சளி கட்டினாலும் ஏறும், மூத்திரத்தில் கிருமி சேர்ந்தாலும் ஏறும், வரும் வழியில் யாராவது ஸ்டெராய்டு போட்டிருந்தாலும் ஏறும். சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் உற்பத்தி செய்கிற புரதம், அழற்சி மூளையிலா நுரையீரலிலா என்று அது பிரித்துச் சொல்லாது. ஆகவே ஒரு நாள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு டாக்டர்கள் எதையும் முடிவு செய்வதில்லை. நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, காய்ச்சல் உண்டா, எக்ஸ்ரேயில் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

வீக்கம் கூடுகிறதா என்பதை எங்களுக்கு முதலில் சொல்வது லேப் இல்லை, கட்டில்தான். மணிக்கு ஒரு தடவை போய் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம், கண் திறக்கிறாரா, பதில் சொல்கிறாரா, கையை மடக்கச் சொன்னால் மடக்குகிறாரா என்று பார்த்து மார்க் போடுகிறோம். முழு மார்க் 15, எதுவுமே இல்லாவிட்டால் 3. டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே அளவில் சுருங்குகிறதா என்று பார்க்கிறோம். மார்க் இரண்டு குறைந்தாலோ ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்து நின்றாலோ ட்யூட்டி டாக்டருக்கு உடனே போன் போகும். ராத்திரி நேரத்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிக் கிள்ளுகிறார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

வெள்ளை அணு ஏறுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் வீட்டாரின் கையில் இருக்கிற ஒரு காரணமும் இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி பாதிக்கப்பட்டிருக்கும். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் பால், கஞ்சி எல்லாம் கொடுக்கிறோம். ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றின உடனே, பாவம் நாக்கு வறண்டு கிடக்கிறாரே என்று ஒரு பெரியம்மாவோ அத்தையோ நாங்கள் அந்தப் பக்கம் போன நேரத்தில் இரண்டு ஸ்பூன் இளநீரை வாயில் விட்டுவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், யாரைக் குறை சொல்ல முடியும். ஆனால் அது இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக் குழாயில் இறங்கி, ஓரிரு நாளில் காய்ச்சல், நிமோனியா, ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் உச்சத்தில். காய்ச்சல் ஏற ஏற மூளைக்கும் கெடுதல். விழுங்கும் பரிசோதனை செய்து நாங்கள் சரி என்று சொல்லும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வாயில் விடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். உங்கள் பத்திரிகையில் வந்தால் இன்னும் நிறையப் பேர் கேட்பார்கள்.

அடுத்தது ஸ்டெராய்டு. வீக்கம் என்று சொன்ன உடனே, எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி இருந்தபோது டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு) போட்டு இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தாரே, அதை ஏன் எங்கள் அம்மாவுக்குப் போட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு டெக்ஸா நன்றாகவே வேலை செய்யும், காசநோய் மூளைக்காய்ச்சலிலும் கொடுக்கிறார்கள். கசிவுக்கு அது உதவாது. பாங்காக்கில் 93 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து 1987-இல் வெளியிட்டார்கள். டெக்ஸா போட்டவர்களிலும் போடாதவர்களிலும் இறப்பு ஒரே அளவு, ஆனால் போட்டவர்களுக்குத் தொற்றும் சர்க்கரைக் கோளாறும் அதிகமாக வந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் கசிவில் தலைக்குள் அழுத்தத்தைக் குறைக்க ஸ்டெராய்டு கொடுக்காதீர்கள் என்று நேராகவே சொல்கிறது. அப்படியிருந்தும் ரெஃபரல் சீட்டில் 'இன்ஜெக்‌ஷன் டெக்ஸா கொடுக்கப்பட்டது' என்று எழுதி வருவதை இன்றைக்கும் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சுகர் 400-ஐத் தாண்டி நிற்கும், அதை இறக்குவதிலேயே எங்களுக்கு ஒரு ஷிஃப்ட் போய்விடும். இந்த அழற்சி முழுக்கக் கெட்டதும் கிடையாது, சிதைந்த ரத்தத்தைத் தின்று சுத்தம் செய்வதும் அதே மைக்ரோக்ளியாவும் வெள்ளை அணுக்களும்தான். அதை ஒரேயடியாக அமுக்குவதால் மட்டும் நோயாளி தேறிவிட மாட்டார்.

மேனிடால் பற்றியும் ஒரு வார்த்தை. மூளையிலிருந்து நீரை இழுக்கிற மருந்து என்று எல்லோருக்கும் இப்போது தெரிந்திருக்கிறது. லக்னோவில் 128 நோயாளிகளை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கசிவு வந்தவர்களுக்கு வழக்கமாகவே மேனிடால் கொடுத்ததால் இறப்போ ஊனமோ குறையவில்லை என்று தெரிந்தது. அதற்காக அது உதவாத மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழுத்தம் கூடி நோயாளி கண்ணெதிரே சரியும்போது, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகும் வரை நேரம் வாங்கித் தருவது அதுவும் அடர் உப்பு சலைனும்தான். எல்லோருக்கும் எல்லா நாளும் போட வேண்டியதில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலுக்குப் போடுகிறார்களே, எங்களுக்கு ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சிதைந்த சிவப்பணுவின் இரும்பைப் பிடித்து வெளியேற்றலாம் என்று, தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் டெஃபராக்சமினைக் கூட முயன்று பார்த்தார்கள். 2019-இல் வந்த அந்த முடிவிலும் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை.

அப்படியானால் என்னதான் உதவுகிறது என்றால், கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் விஷயங்கள்தான். இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. வந்த உடனே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், மேல் பி.பி.யை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை விடாமல் இறக்குவது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டவராக இருந்தால் அதற்கு முறிவு மருந்து கொடுப்பது, இந்த நான்கையும் சேர்த்து ஒழுங்காகச் செய்த இடங்களில் நோயாளிகள் தேறியது கூடுதலாக இருந்தது. இதில் விலை உயர்ந்த மெஷின் எதுவும் கிடையாது, பெரும்பகுதி நர்ஸும் தெர்மாமீட்டரும் பி.பி. கருவியும் செய்கிற வேலை. ஆனால் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தால்தான் இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். அதைப் பற்றியும் உங்கள் நிருபர்கள் ஒருநாள் எழுத வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான். மயக்கம் கூடிவிட்டது, இனி என்ன இருக்கிறது, காசும் தீர்ந்துவிட்டது, வீட்டிலேயே போகட்டும் என்று முடிவு செய்கிறார்கள். காசு இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் எதுவும் பேச முடியாது, அது அவர்களுடைய கையில் இல்லை. ஆனால் மயக்கம் கூடியதை வைத்து மட்டும் முடிவு செய்கிறவர்களிடம், அம்மா, இது வீக்கத்தினால் ஆனது, இது கூடி நின்று அப்புறம் இறங்கக்கூடியது, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆரம்பத்திலேயே கைவிடக் கூடாது, குறைந்தபட்சம் இரண்டாவது முழு நாள் வரைக்குமாவது முழுச் சிகிச்சை கொடுத்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று அதே 2022 வழிகாட்டுதல் டாக்டர்களுக்கே சொல்கிறது. சிறுமூளையில் பெரிய கசிவு என்றால் நேரத்தோடு ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்ற முடியும், அங்கே தாமதமே ஆபத்து. எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன், கசிவு பெரிதாக இருந்து வந்த அன்றே ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர்களில் நிறையப் பேரை இழக்கத்தான் செய்கிறோம். ஆனாலும் வீக்கம் வடியும் வரை காத்திருந்த குடும்பங்களில், அப்பா வாக்கர் பிடித்துக்கொண்டு ரிவ்யூவுக்கு வந்து என்னை அடையாளம் கண்டு சிரித்ததும் உண்டு. கசிவு வந்தவர்கள் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், முதல் வாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான், அதை உங்கள் பத்திரிகை மூலமாக ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் கேட்கிறேன். மூளையில் ரத்தக் கசிவு என்று ஸ்கேனில் தெரிந்த அன்றைக்கே வீட்டார் கையில் ஒரு பக்கம் தமிழில் அச்சடித்த தாள் கொடுக்க வேண்டும். அடுத்த சில நாளில் வீக்கம் வரும், மயக்கம் கூடலாம், அது புதிதாக யாரோ செய்த கெடுதல் என்று நினைக்க வேண்டாம், இன்னொரு ஸ்கேன் தேவைப்படலாம் என்று அதில் இருக்க வேண்டும். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, தலைப்பக்கம் உயர்த்தி வைத்த கட்டிலை இறக்கக் கூடாது, போனுக்கு வரும் ரிப்போர்ட்டில் சிவப்பு எண்ணைப் பார்த்தால் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்க வேண்டும், எந்த நேரத்தில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ட்யூட்டியில் இருக்கும் நர்ஸ் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும், அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கித் தந்தால் போதும். அதே தாளைப் பெரிதாக அச்சடித்து, ஐ.சி.யு. வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வீட்டார் கண்ணில் படுகிற மாதிரி சுவரிலும் ஒட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்
(என் பெயரும் முகவரியும் உங்கள் பார்வைக்காகத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம்.)